கழித்த கல்லின் மேல் கார்

1. ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா எங்கள் காருக்கு வீட்டிலேயே ஆயில் மாற்ற ஆரம்பித்தார்.
2. பழைய ஆயிலை வடிக்க எஞ்சினுக்கு அடியில் உள்ள போல்ட்டைக் கழற்ற வேண்டும். அது அசையவில்லை.
3. ஸ்பானரில் நீளமான பைப்பைச் செருகி இழுக்க இடம் போதாமல், காரின் முன்பக்கத்தைத் தூக்கினார்.
4. தூக்கிய காரை கிரைண்டர் கற்களின் மேல் நிறுத்தினார்.
5. அடியில் படுத்தார்.
6. ஒரு கல் பிளந்தது.

நடந்தது இவ்வளவுதான். ஐந்தாவது வரிக்கும் ஆறாவதுக்கும் நடுவே எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. வேலையில் எல்லாவற்றுக்கும் நேரம் குறிப்பவள் நான். அன்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் வீடு கணபதி என்ற ஊரில். முன்னால் வீடு, பின்னால் அப்பாவின் வெட்கிரைண்டர் பட்டறை. கல் வெளியே கொத்தி வரும். மோட்டாரும் டிரம்மும் சேர்த்துப் பூட்டுவது இங்கே. வருகிற ஒவ்வொரு கல்லையும் அப்பா சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். நல்ல கல் 'ணங்' என்னும். உள்ளே கீறல் இருந்தால் 'தொப்' என்று செத்த சத்தம் வரும். செத்த கல்லில் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு மதிலோரம் உருட்டிவிடுவார். நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு, பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் தரச் சோதனையில் இருக்கிறேன். நாள் முழுக்க நான் செய்வதும் அதே வேலைதான். நல்லது ஒரு பக்கம், கழித்தது ஒரு பக்கம்.

போல்ட் ஏன் இறுகியது என்பதும் தெரிந்த விஷயம். ஓடுகிற ஆட்டத்தில் கிரைண்டர் நட்டுகள் கழன்றுவிடும் என்ற பயத்தில், முறுக்கி முடித்த பிறகும் பைப்பைப் போட்டு இன்னொரு இழுப்பு இழுப்பது அப்பாவின் பழக்கம். போன முறை கார் போல்ட்டுக்கும் அந்த மரியாதை கிடைத்திருந்தது.

"சர்வீசுக்கு உட்டுரலாங்கப்பா," என்றேன்.

"அங்க உட்டா ஆயில மாத்தாமயே மாத்திப்போட்டேம்பானுங்க. இறுக்குனது நானு. கழட்டறதும் நாந்தான்."

துருவை இளக்கும் ஸ்பிரே வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பி வந்தபோது வெளியே தெரிந்தது அவருடைய கால்கள் மட்டும். ஒரு காலில் செருப்பு, இன்னொன்றில் இல்லை. காரின் இரண்டு பக்கமும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டிரண்டு குழவிக்கற்கள். மேலே குறுகி, கீழே அகன்று, வழவழவென்று இருப்பவை. நழுவாமல் இருக்க நடுவில் மடித்த சாக்கு வைத்திருந்தார். ஜாக்கியைக்கூட எடுத்துவிட்டிருந்தார்.

"அப்பா, வெளிய வாங்க. கல்லு மேலயெல்லாம் காரை நிறுத்தக் கூடாதுங்க."

"கருங்கல்லு அம்மணி. மலையே அதுலதான் நிக்குது."

"மலைக்கு அடியில ஆரும் படுக்கறதில்லைங்க."

உள்ளிருந்து சிரிப்பு வந்தது. "ஆடிட் அம்மணி வந்தாச்சு. இனி டீ குடிக்கறதுக்கும் சர்டிபிகேட்டு வேணும் போல."

பேசிப் பயனில்லை என்று தெரிந்ததும் கையால் ஆகக்கூடியதைச் செய்தேன். டிக்கியிலிருந்து ஸ்டெப்னியை எடுத்து, இடது பக்கக் கற்களுக்கு அருகே காரின் அடியில் படுக்கவைத்துத் தள்ளினேன். கார் இறங்கினால் அதன் மேல் இறங்கட்டும். வலது பக்கத்துக்கு வைக்க வேறு சக்கரம் இல்லை.

ஸ்டெப்னியைத் தள்ளும்போதுதான் சாக்கின் ஓரம் விலகியது. மேல் கல்லில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. பெருக்கல் குறியில் பாதி.

"அப்பா, இது கழிச்ச கல்லுங்க."

"பின்னே, விக்கற கல்லையா வெப்பாங்க? ஆரோ மாவாட்டித் திங்கற கல்லு. அதுல ஆயில் படலாமா?"

அவர் சொன்னது நியாயம். யாருடைய இட்லியிலும் எஞ்சின் ஆயில் நாற்றம் வரக்கூடாது என்றுதான் நல்ல கற்களை விட்டுவிட்டு, கீறல் உள்ளவற்றைத் தேடி எடுத்து, அவற்றுக்குக் கீழே போய்ப் படுத்திருக்கிறார்.

கீழே கிடந்த சின்ன ஸ்பானரை எடுத்து அந்தக் கல்லைத் தட்டினேன். தொப்.

அடியில் பைப்பை இழுப்பது நின்றது.

பாரம் ஏறிய கல், நல்ல கல்லாகவே இருந்தாலும், ணங் என்று ஒலிக்காது. ஆகவே தட்டியதால் எதுவும் தெரியவராது. இதெல்லாம் புத்திக்குத் தெரிந்தது. ஆனாலும் ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை.

"அங்க என்ன தட்டற?" இந்த முறை குரலில் சிரிப்பு இல்லை.

"சும்மாங்க."

"சும்மா இரு."

மறுபடி இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் கார் ஒரு மயிரிழை அசைந்து திரும்பியது. சாக்கிலிருந்து வெள்ளையாகக் கல்தூள் உதிர்ந்தது. விழுந்தால் என்ன செய்வது என்று மனதுக்குள் வரிசை போட்டேன். முதலில் ஜாக்கி, அடுத்து பக்கத்துப் பட்டறை ஆட்கள், ஆனால் இன்று ஞாயிறு, பட்டறைகள் பூட்டு. அந்த இடத்தோடு வரிசை நின்றுவிட்டது. குனிந்து அவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டேன்.

"கூசுது, உடு கண்ணு."

விடவில்லை. அவர் கால் சூடாக இருந்தது.

அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். நான் தட்டியபோது வந்த தொப் சத்தத்தை அவளும் கேட்டிருக்க வேண்டும். இத்தனை வருடம் அந்தப் பட்டறையோடு வாழ்ந்தவள். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஏனுங்க! கோபியில இருந்து பையன் ஊட்டுக்காரங்க வந்திருக்காங்க. வாசல்லயே நிக்கறாங்க!"

எனக்குக் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு வரன் பேச்சில் இருந்தது. அப்பா நண்டு மாதிரி பக்கவாட்டில் வெளியே வந்தார். "சொல்லாம கொள்ளாமயா? என்ற வேட்டி எங்க?" என்று லுங்கியை இறக்கிவிட்டபடி கேட்டை எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு நாய் படுத்திருந்தது.

"எங்க காணோம்?"

"வரலீங்க. நீங்க வந்துட்டீங்கல்ல, அது போதும்."

அப்பாவின் முகம் கறுத்தது. "ஆத்தாளும் மகளும் சேந்து என்னைக் கிறுக்கனாக்கறீங்களா?" அதே கோபத்தோடு காருக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். ஸ்பானர் போல்ட்டில் கவ்வியிருந்தது. பைப்பின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு.

டக்.

போல்ட் விட்டது. அடுத்து இடது பக்கத்தில், தொப்.

மேல் கல் இரண்டாகப் பிளந்து விழுந்தது. கார் ஒருபக்கமாகச் சாய்ந்து ஸ்டெப்னியின் மேல் உட்கார்ந்தது. டயர் நசுங்கி, தாங்கி, நின்றது. அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடியில் ஆயில் சொட்டத் தொடங்கியது.

காருக்கும் தரைக்கும் நடுவே மிச்சமிருந்த இடைவெளியில் கையை நீட்டினேன். என் முன்கை நுழைந்தது. ஒரு மார்பு நுழையுமா என்று நான் அளக்கவில்லை. இன்றுவரை அளக்கவில்லை.

அப்பா பாதிக் கல்லை எடுத்து உடைந்த முகத்தை விரலால் தடவினார். பாதிவரை பழுப்பு, அது பழைய கீறல். மீதி பளிச்சென்று புதிதாக உடைந்தது.

"நான் தட்டுனப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுதுங்களா?" என்று கேட்டேன்.

கல்லைக் கீழே வைத்தார். "சட்டிய எடுத்துட்டு வா அம்மணி. ஆயில் போவுது."

இப்போது கார் ஓடுகிறது. மறுநாள் ஒரு மெக்கானிக் வந்து, முறையான ஸ்டாண்டு வைத்து, புது போல்ட் போட்டுக் கொடுத்துப் போனார். மதிலோரம் இருந்த கழித்த கற்களையெல்லாம் அப்பா சம்மட்டியால் உடைத்துவிட்டார். கோபிக்காரர்கள் இன்னும் வரவில்லை. அடுத்த ஆயிலையும் தானே மாற்றப்போவதாக அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னால் சத்தம் கொஞ்சம் நின்றாலும் நான் எழுந்துபோய் அவர் கால்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டு வருகிறேன். ஜாக்கி என் பீரோவில், துணிகளுக்கு அடியில் இருக்கிறது. பீரோ சாவி அம்மாவிடம்.