தொடையிலிருந்து எடுத்த சிரிப்பு

எனக்கு வாய் நீளம். பழங்காநத்தத்தில் எங்கள் தெருவுக்கே தெரிந்த சங்கதி அது. கல்யாணமாகி வந்த முதல் வருஷமே கிணற்றடியில் என்னிடம் வாய் கொடுத்தவர்கள் யாரும் ஜெயித்துக்கொண்டு போனதில்லை. அப்பேர்ப்பட்ட வாய்தான் ஒருநாள் காலையில் என்னைக் கைவிட்டது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, எட்டு மாதக் கர்ப்பம். வாய் கொப்பளிக்கிறேன், துப்புவதற்கு முன்பே தண்ணீர் இடது ஓரமாக வழிந்து ரவிக்கையை நனைக்கிறது. ஓடிப்போய்க் கண்ணாடியில் பார்த்தால் வாய் வலது பக்கமாக இழுத்துக்கொண்டு கிடந்தது. இடது கண்ணை மூட முயன்றேன், மூடவில்லை.

என் வீட்டுக்காரருக்குத் தல்லாகுளத்தில் குமாஸ்தா உத்தியோகம். அவருடைய அக்கா, அதாவது என் மதினி, புருஷன் இறந்தபிறகு எங்களோடுதான் இருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். கிரகணத்தன்று நான் அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கினேனாம். இனி பிள்ளை எப்படிப் பிறக்குமோ என்று அழுதார். அழுதுகொண்டே எண்ணெயைக் காய்ச்சி என் வலது கன்னத்தில் தேய்க்க ஆரம்பித்தார். கோணிக்கொண்டு போவது வலது பக்கம்தானே, நோயும் அங்கேதான் இருக்கும் என்று அவர் நினைத்தார், நானும் நினைத்தேன். நாற்பது நாள் தேய்த்தார். வலது கன்னம் பளபளவென்று ஆனதுதான் மிச்சம்.

பெண் குழந்தை பிறந்தது. மூக்கும் முழியும் ஒரு குறையும் இல்லை. நான்தான் அப்படியே இருந்தேன். தெருவில் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. கிணற்றடிக்குக்கூட மதினிதான் போனார். சண்டைக்கு வாயைத் திறந்தால் எதிரி சிரித்துவிடுவாளோ என்று பயந்து சண்டையையே விட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எம்புட்டுப் பெரிய விஷயம் என்று புரியும்.

குழந்தைக்கு ஆறு மாதம் இருக்கும்போது ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்தது. மூடாத கண் சிவந்து, தண்ணீர் கொட்டி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போனது. அப்புறம்தான் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டர் இருந்தார். முதல் யுத்தத்தில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்குத் தையல் போட்டுப் பழகியவராம். தமிழ் பேசுவார், ஆனால் வேதப் புத்தகம் வாசிக்கிற மாதிரிப் பேசுவார். எண்ணெய் வைத்தியத்தைக் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை.

"அம்மா, இழுக்கிற பக்கம் ஆரோக்கியமான பக்கம். சும்மா இருக்கிறதே, அந்த இடது பக்கம்தான் நோயாளி."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சத்தம் போடுகிற பக்கத்தைத்தான் எல்லாரும் பிடித்துக்கொள்கிறோம். சும்மா இருக்கிற பக்கத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. என் விஷயத்திலும் அதுதான் நடந்தது.

செய்யக்கூடியவற்றை அவர் பொறுமையாக விளக்கினார். முதலில் கண். இமைகளின் வெளி ஓரத்தை ஒன்றாகச் சேர்த்துத் தைத்துவிட்டால் கண் சின்னதாகும், ஆனால் பார்வை தப்பும். வாய்க்கு இரண்டு வழி. நாக்கை அசைக்கிற நரம்பை வெட்டி முகத்து நரம்போடு இணைக்கலாம். அதற்குச் சென்னைக்குப் போகவேண்டும், சீக்கிரமே போகவேண்டும், அசைவு வர ஒரு வருஷம் பிடிக்கும், பாதி நாக்கு சூம்பிப்போகும். மற்றது, தொடைச் சதையைப் போர்த்தியிருக்கிற வெள்ளைச் சவ்விலிருந்து ஒரு பட்டை எடுத்து, வாயின் ஓரத்தை மேலே தூக்கி, நெற்றிப்பொட்டில் இருக்கிற மெல்லுகிற தசையோடு கட்டிவிடுவது. அப்புறம் பல்லைக் கடித்தால் வாய் ஓரம் மேலே ஏறும்.

நாக்கைக் கொடுத்துச் சிரிப்பை வாங்க நான் தயாராக இல்லை. இருக்கிற ஒரே ஆயுதம் அதுதான். பல்லைக் கடித்துச் சிரிக்கிற யோசனை கேட்கவே கோபம் வந்தது. கண்ணை மட்டும் தைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதோடு முடிந்தது என்று இருந்தேன். பிள்ளைக்கு இரண்டரை வயது ஆனபோது, ஒருநாள் மதினி அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவர் கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"ஏத்தா, இங்க வா. இவ சிரிக்கிறதப் பாரு."

பார்த்தேன். வாய் வலது பக்கமாக ஏறியது. இடது பக்கம் அசையவே இல்லை. அச்சு அசல் என் சிரிப்பு.

தாய்க்கு வந்தது பிள்ளைக்கும் வந்துவிட்டது என்று மதினி வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவர் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். என் வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து வந்து, பிள்ளையைச் சிரிக்கவைத்துப் பார்த்துவிட்டு, சட்டையைக் கழற்றாமலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாளே ஜட்கா வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அவள் என் மடியில் இருந்து குதிரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு சிரிப்புக்கும் எனக்கு உயிர் போய் வந்தது.

டாக்டர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவள் காதில் வைத்தார். சிரித்தாள், வலது பக்கம். தூங்கும்போது இரண்டு கண்ணும் மூடுகிறதா என்று கேட்டார். மூடுகிறது என்றேன். அழும்போது முகம் எப்படி இருக்கும் என்று கேட்டார். அவளை அழவைப்பது என் முன்கோபம், தூக்கிச் சமாதானம் செய்வது மதினி. அழுகிற முகத்தை நான் நின்று பார்த்ததே இல்லை.

டாக்டர் கடிகாரத்தை வெடுக்கென்று பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிள்ளை வீறிட்டாள். இரண்டு கண்ணும் இடுங்கி, இரண்டு கன்னமும் உப்பி, வாய் நாலு மூலையும் சமமாக விரிந்து, அப்படியொரு அழுகை. அம்புட்டு அழகான அழுகையை நான் பார்த்ததில்லை.

"இவளுக்கு நோய் ஒன்றும் இல்லை, அம்மா," என்றார் டாக்டர். "அழுகை இவளுடையது. சிரிப்பு உங்களிடம் கற்றுக்கொண்டது."

என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் அது ஜட்கா ஏறும்வரைகூட நிற்கவில்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் முந்தானையால் மூடிய வாயை நான் இந்த ஒரு ஜீவனுக்கு முன்னால்தான் திறந்து சிரித்தேன். அவளும் வேறு வீட்டுக்குப் போகாமல் என்னோடேயே கிடந்தாள். சிரிப்பென்றால் இப்படித்தான் என்று எடுத்துக்கொண்டாள். மதினியின் சிரிப்பை எடுத்துக்கொண்டிருக்கக் கூடாதா? அவருக்குச் சிரிக்கிற வழக்கமே கிடையாது, பாவம்.

கொஞ்ச நாளைக்குப் பிள்ளைக்கு முன்னால் சிரிக்காதே என்றார் மதினி. இரண்டு நாள் இருந்து பார்த்தேன். மூன்றாம் நாள் பிள்ளை வந்து என் முந்தானையை விலக்கி, வாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எனக்குத் தாங்கவில்லை. அன்று சாயங்காலம் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மயக்க மருந்து கொடுத்துத் திரும்பி வராதவர்கள் கதையெல்லாம் என் வீட்டுக்காரர் சொன்னார். இத்தனை வருஷம் இல்லாத ஆசை இப்போது எதற்கு என்று கேட்டார். "நாங்க யாராச்சும் ஒன்னக் குத்திக்காட்டிப் பேசிருக்கமா?"

"நீங்க பேசல. அவ சிரிச்சுக் காமிச்சுட்டா," என்றேன்.

நரம்பு வழிக்குக் காலம் கடந்துவிட்டது, முகத்துத் தசை காய்ந்துபோயிற்று என்றார் டாக்டர். மிச்சமிருந்தது தொடைப் பட்டை ஒன்றுதான். கண் விழித்தபோது முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. தொடை வலித்த அளவுக்கு முகம் வலிக்கவில்லை. மூக்கு வைத்த கிண்ணத்தில் மூன்று வாரம் கஞ்சி. வீக்கம் வடிந்தபிறகு பார்த்தேன். வாயின் இடது ஓரம் கொஞ்சம் தூக்கலாகவே நின்றது. அது இறங்கிச் சரியாகும் என்றார் டாக்டர், இறங்கியது. கடியுங்கள், மெதுவாக, விடுங்கள், மறுபடி கடியுங்கள் என்று கண்ணாடிக்கு முன்னால் உட்காரவைத்துப் பழக்கினார்.

வீட்டிலும் தினம் அதுதான் வேலை. நான் கண்ணாடியைப் பார்ப்பேன், பிள்ளை மடியில் உட்கார்ந்து அதே கண்ணாடியில் என்னைப் பார்ப்பாள். கடித்தால் இடது ஓரம் நடுங்கி நடுங்கி மேலே வரும். நாலைந்து மாதத்தில் நடுக்கம் நின்றது. இரண்டு பக்கமும் சமமாக வந்துவிட்டதா என்றால், பொய் சொல்லமாட்டேன், இல்லை. நிஜமாகச் சிரிப்பு வந்தால் வலது பாதி தன்பாட்டுக்கு முதலில் போய்விடும். பிறகு எனக்கு ஞாபகம் வந்து பல்லைக் கடிக்க, இடது பாதி பின்னாலேயே வந்து சேரும். "சிரிக்கிறியா, கரும்பு கடிக்கிறியா?" என்று மதினி கேட்டார். அவர் கேலி பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

முந்தானையை எடுத்தேன். கிணற்றடிக்குப் போனேன், முதல் வாரமே ஒரு சண்டை போட்டேன். பிள்ளையைத் தெருவில் விளையாட விட்டேன். அவளுடைய வாய் எப்போது நேரானது என்று தேதி சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் பார்த்தபோது நேராக இருந்தது. மதினி மஞ்சள் துணியை அவிழ்த்துக் காசைக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு வந்தார்.

அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்து ஆறு மாதம் இருக்கும். பள்ளிக்கூடத்து டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பிள்ளை நன்றாகப் படிக்கிறாள், ஆனால் சிரிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடிக்கிறாள், மற்ற பிள்ளைகள் பயப்படுகிறார்கள், வீட்டில் ஏதாவது அடி உதையா என்று நாசூக்காகக் கேட்டார். அந்த டீச்சர் ஊருக்குப் புதிது. என் கதை தெரியாது.

வீட்டுக்கு வந்து அவளை எதிரே உட்காரவைத்தேன். சிரிக்கும்போது எதற்குப் பல்லைக் கடிக்கிறாய் என்று கேட்டேன். என்ன கேட்கிறேன் என்றே அவளுக்குப் புரியவில்லை.

"கடிக்காம எப்படிம்மா சிரிக்கிறது?"

எனக்கு அழுகை வருமென்று நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. வலது பாதி வழக்கம்போல முதலில் போயிற்று. நான் பல்லைக் கடித்தேன். இடது பாதி வந்து சேரும்வரை அவள் என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள். அப்புறம்தான் அவளும் சிரித்தாள்.