"தனியாவா?" என்று நான் கேட்ட ஞாயிற்றுக்கிழமை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போகிற ஆள் நான். எங்கள் கே.ஜி.எஃப். தங்கவயலில் எந்த ஷாஃப்டை, அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் பள்ளத்தைக் காட்டினாலும் அதற்கு ஒரு கதை வைத்திருப்பார்கள், நான் எதையும் காதில் போட்டுக்கொண்டதில்லை. நீங்களும் இதை நம்ப வேண்டாம், கடைசி வரை கேட்டால் போதும்.

என் தம்பி முரளி, வேலையில்லாமல் சுற்றியவன், மூடிக்கிடக்கும் சுரங்கத்தில் இறங்கிப் பழைய கேபிள் எடுத்து விற்கிற கூட்டத்தோடு சேர்ந்திருந்தான். கேட்டால், "உனக்கு இன்னாக்கா, நீ ரயிலப் புடிச்சி வேலைக்குப் போ" என்பான். ஒரு சனிக்கிழமை காலையில் போனவன் திரும்பவில்லை. போன் அணைந்திருந்தது, கூட்டாளிகள் ஒருத்தனையும் காணோம். போலீசுக்குச் சொன்னோம், ஆனால் இத்தனை பள்ளங்களில் எதில் போய்த் தேடுவது?

ஞாயிறு மத்தியானம் அம்மா அழுது ஓய்ந்து படுத்திருந்தார். எனக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தது, போனை எடுத்தேன். இணையத்தில் பழகிய நாங்கள் நாலு பேர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம்: மதுரை கவிதா, சேலம் பாபு, மஸ்கட்டில் இருக்கும் ஸ்டீபன், நான். நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. ஞாயிறானால் ஒரு விளையாட்டு. ஒருவர் மனசில் ஓர் ஆளை நினைத்துக்கொள்வார், மற்றவர்கள் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும், அவர் ஆமா, இல்ல என்று மட்டும்தான் சொல்லலாம். அன்று ஸ்டீபன் முறை. எனக்குத் தம்பி இருப்பதே அவர்கள் யாருக்கும் தெரியாது.

"ஆம்பளையா?" ஆமா. "நடிகரா?" இல்ல. "எங்க எல்லாருக்கும் தெரிஞ்சவரா?" இல்ல. "அப்புறம் எப்படிடா கண்டுபிடிக்கிறது, லூசு" என்று பாபு திட்டினான். கவிதா சும்மா இருக்க மாட்டாமல், "நம்ம கே.ஜி.எஃப். அக்காவுக்குத் தெரியுமா?" என்றாள். ஆமா. "அக்காவோட ஆளா?" என்று சிரிப்புப் பொம்மைகளாகக் கொட்டினாள். இல்ல.

"என் தம்பியா?" என்று அடித்தேன். ஆமா. "கீழ இருக்கானா?" ஆமா. எங்கள் ஊரில் கீழே என்றால் சுரங்கம்தான். "உயிரோடவா?" ஆமா. ஊரிலுள்ள சுரங்கப் பகுதிகளை ஒவ்வொன்றாகப் பெயர் போட்டேன். ஊரிகமா? இல்ல. மாரிக்குப்பமா? இல்ல. சாம்பியன் ரீஃபா? ஆமா. "தனியாவா?" என்று கேட்டேன். இல்ல.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். நம்பினால் நம்புங்கள், தெருக்காரர்களும் போலீசும் சாம்பியன் ரீஃபில் பள்ளம் பள்ளமாகக் குரல் கொடுத்துக்கொண்டு போனபோது ஒன்றிலிருந்து முரளி பதில் கொடுத்தான். கயிறு இறக்கித் தூக்கினார்கள். கால் உடைந்து அரை மயக்கத்தில் இருந்தான். இன்னொரு ஆள் இருக்கார் என்று நான் கத்தினேன். ஒருவர் டார்ச்சோடு இறங்கிப் பார்த்துவிட்டு யாரும் இல்லை என்றார். கூட்டாளிகளும் பிறகு அகப்பட்டார்கள், அவன் விழுந்ததுமே எல்லோரும் ஓடிவிட்டதாக ஒப்புக்கொண்டார்கள்.

நன்றி சொல்ல ஸ்டீபனைக் கூப்பிட்டேன். "அக்கா, நான் அப்ப டியூட்டில இருந்தேன், போன் லாக்கர்ல இருந்துச்சு. எம் பேர்ல யாரு பதில் போட்டதுன்னு நான்ல உங்களக் கேக்கணும்" என்றான். அன்றே குழுவைவிட்டுப் போய்விட்டான்.

முரளி தேறி வீட்டுக்கு வந்த பிறகு குழுவில் வந்த அந்தப் பதில்களையெல்லாம் காட்டினேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அந்தக் கடைசி "இல்ல" வரைக்கும் படித்துவிட்டு, ஆச்சரியமே படாமல், "அவரு மேல வந்துட்டாராக்கா?" என்றான்.

"யாருடா?"

"எனக்குக் கை வரல, அவருதான் கயித்த இடுப்புல கட்டி உட்டாரு. அடுத்த கயிறு உங்களுக்குத்தான்னு சொல்லிட்டு வந்தேன்."

அந்தப் பள்ளத்தை நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே சிமெண்ட் போட்டு அடைத்துவிட்டார்கள்.