திக்லிபூர் கப்பலில் கடைசி இரண்டு டிக்கெட்

அந்தமானில் போகும்போது காடு, திரும்பும்போது கடல் என்று மூன்று மாதம் உட்கார்ந்து திட்டம் போட்டேன். போர்ட் பிளேரிலிருந்து திக்லிபூர் வரை சாலை குலுக்கிய குலுக்கலில் என் மனைவிக்கு வாந்தி. திரும்பக் கப்பல் என்றைக்கு என்று கேட்டால் அலுவலகத்தில் நாளை என்றார்கள், கடைக்காரர் வியாழன் என்றார். இரண்டு நாள் அலைந்து, எரிச்சலோடு வரிசையில் நின்று, கடைசி இரண்டு டிக்கெட்டை வாங்கினேன். கவுன்ட்டரை மூடிவிட்டார்கள்.

எனக்குப் பின்னால் நின்ற பெண் தமிழில் பேசினார். "வீட்டுக்காரருக்கு முதுகுல ஆபரேஷன் சார். செக்கப்புக்கு போர்ட் பிளேர் போகணும். பஸ்ல போகவே கூடாதுன்னுட்டார் டாக்டர்."

"நானும் ரெண்டு நாளா அலையறேம்மா" என்றேன், வெடுக்கென்று.

"கோயி பாத் நஹி, பரவால்ல சார். நீங்க கடல் பாக்க வந்தவங்க" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை.

கப்பலில் மனைவி நிம்மதியாகத் தூங்கினாள். அந்தப் பெண்ணைப் பற்றி அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. நான் கடலைப் பார்க்கவில்லை. கரையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தச் சாலை எங்கெங்கே எப்படிக் குலுக்கும் என்று எனக்குத் தெரியும்.