செம்மநத்தத்திலிருந்து வந்த மண்

கண்ணுகளா, ஏற்காட்டுக் கிளையை மூடியதால்தான் நான் சேலத்து வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். உங்களுக்கு அது நல்ல சேதி. அதை ஏன் மூடினார்கள் என்று நான் சொன்னதில்லை.

பத்தாவது முடித்து நான் உதவியாளாகச் சேர்ந்தபோது அது அரசு வேளாண் வேதியியல் ஆராய்ச்சிக் கிளை. அதிகாரி ஒருவர், மண் சோதிப்பவர்கள் இருவர், டைப்பிஸ்ட் ஒருவர். காப்பிக்காட்டு மண்ணில் அமிலப் புளிப்பு எவ்வளவு, அதைத் தணிக்கச் சுண்ணாம்பு எவ்வளவு போட வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார்கள். ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவர் மாற்றலானார். அந்த நாற்காலிகளுக்கு யாரும் வரவில்லை. கடைசியில், பார்த்துப் பார்த்தே சோதனையைக் கற்றுக்கொண்ட நான் மட்டும். பேச ஆளில்லாமல் தராசைத் துடைத்துக்கொண்டே அதனோடு பேசியிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

பிறகு கடிதம் வந்தது. இந்த மாதமும் சோதனைக்கு மண் வராவிட்டால் கிளை சேலத்தோடு சேர்க்கப்படும். ஒரே ஒரு பை வந்தால்கூடப் போதும்.

மாதக் கடைசி நாள் செம்மநத்தத்து விவசாயி ஒருவர் பையோடு வந்தார். ஆவலாகப் பிரித்தேன். கரேலென்ற மண், உள்ளே மண்புழு, சாணி வாசம்.

"ஏனுங்க, இது காப்பிக்காட்டு மண்ணுங்களா?"

"மாட்டுக் கொட்டாய் ஓரத்துல எடுத்தேனுங்க. பொண்ணு பாக்க வர்றாங்கன்னா ஊட்டைக் கூட்டி வெக்கறதில்லீங்களா? காட்டு மண்ணு நொம்ப மோசமுங்க, அதைப் போயி எப்படிக் காட்டுறது?"

"நோவு உங்களுக்கு, ரத்தம் பக்கத்து ஊட்டுக்காரருகிட்ட எடுத்தா ஆகுமுங்களா?"

பதிவேட்டில் எண் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன். ஆனால் இந்த மண்ணைச் சோதித்துக் கொடுத்தால் சுண்ணாம்பே வேண்டாம் என்று வரும். அவருடைய செடி இன்னும் வாடும். பேனாவை மூடினேன்.

"காட்டுல நாலஞ்சு இடத்துல அரையடி தோண்டிக் கலந்து கொண்டாங்க. இன்னைக்கேன்னா நல்லதுங்க."

"பஸ்ஸு சாயங்காலந்தானுங்களே! ஈயோட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க, வந்த ஒரு ஆளையும் தொரத்துறீங்க." பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஐந்து மணிவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடுபனியில் படிகூடத் தெரியவில்லை.

அடுத்த வாரம் தராசைப் பெட்டியில் கட்டும்போது அவர் மறுபடி வந்தார். பை நிறையச் செம்மண்.

"அசல் காட்டு மண்ணுங்க. திட்டாம பாருங்க."

போன மாதம் ஒரு பைகூடப் பதிவாகாததால் கிளையை மூடிவிட்டார்கள் என்று சொன்னேன். காலி அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"அன்னைக்கு அதையே வாங்கியிருந்தீங்கன்னா?"

நான் பையை வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு மலையிறங்கினேன். அன்று நீங்கள் ஓடிவந்து, பையில் ஆரஞ்சா பலாவா என்று பிரித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தீர்களே, அது அந்த மண்தான். சேலத்தில் சோதித்துச் சுண்ணாம்பு அளவைத் தபாலில் அனுப்பினேன். செடி தேறியதா என்று இன்னும் தெரியவில்லை.