பட்டினித் தட்டு

மலைமேல் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, காப்பித் தோட்டத்து ஓரமாக நடந்தால் எங்கள் ஆய்வகம். பனி ஜன்னல் வரை வந்து நிற்கும். அந்த நாட்களுக்கு இப்போதும் மனசு ஏங்குகிறது, என்ன செய்ய!

எலியின் ஈரல் செல்களைத் தட்டுகளில் வளர்த்தேன். துத்தநாகம், செம்பு மாதிரி உலோகங்களைப் பிடித்துவைக்கும் ஒரு குட்டிப் புரதம் செல்லுக்குள் உண்டு. உலோகம் கூடினால் அதன் மரபணு விழித்துக்கொள்ளும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். உலோகம் கூடாமல், இன்சுலின் மாதிரி 'வளரு' என்று சொல்லும் சமிக்ஞை மட்டும் வந்தாலும் விழிக்குமா? என் முனைவர் பட்டமே இந்தக் கேள்வியில்தான் தொங்கியது. முதலில் ஒரு நாள் செல்களுக்கு, அவற்றின் ஊட்டமான சீரம் தராமல் பட்டினி போட வேண்டும், சீரத்திலேயே அந்தச் சமிக்ஞை இருப்பதால். பிறகு பாதித் தட்டுகளுக்கு மட்டும் இன்சுலின். மீதித் தட்டுகளில் மரபணு தூங்க வேண்டும்.

தூங்கினால்தானே! மூன்று முறையும் எல்லாத் தட்டிலும் விழித்தே கிடந்தது. தண்ணீரில் துத்தநாகமோ என்று தண்ணீரை மாற்றினேன், பாட்டிலை மாற்றினேன். இன்னொரு தரம் இப்படி ஆனால் வேறு கேள்வி பார் என்றார் என் வழிகாட்டி.

நாலாம் முறை, சாயங்காலம் மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்தேன். ஆய்வகத்தில் பாட்டில் கழுவும் அக்கா, பக்கத்தில் வெள்ளக்கடை என்ற ஊர்க்காரர், என் தட்டுகளைத் திறந்து சீரத்தைச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தார். தினமும் நான் செய்வதைப் பார்த்துப் பழகிய கை. மூடியில் 'பட்டினி' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது நான்தான்.

"பாவமுங்க கண்ணு, பட்டினி கெடக்குதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நொம்ப ஊத்தலீங்க, நாலே சொட்டு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "உங்கள யாரு கை வெக்கச் சொன்னது? என் படிப்பே போச்சு!" என்று கத்தினேன். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

ஐந்தாம் முறை பட்டினித் தட்டுகள் கம்மென்று தூங்கின. இன்சுலின் தந்தவற்றில் மரபணு விழித்திருந்தது. அடேயப்பா, அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை! மன்னிப்புக் கேட்கவும் சந்தோஷத்தைச் சொல்லவும் நேரே வெள்ளக்கடைக்கு, அக்கா வீட்டுக்குப் போனேன்.

"ஊட்டுக்குள்ள வாங்க கண்ணு. கைகூடிருச்சுங்களா? அது போதுமுங்க," என்றார். கோபத்தின் சாயல்கூட முகத்தில் இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "பட்டினி கெடந்துச்சுங்களே, அதுகளுக்கு அப்பறமாச்சும் ஊத்துனீங்களா?"

மரபணு விழித்ததா என்று பார்க்கவே செல்களை உடைத்துக் கரைக்க வேண்டும். ஒன்றுகூட மிஞ்சாது.

"ஊத்துனேங்க்கா," என்றேன்.