ஆமென் சொல்லாத ஜெபம்

எங்கள் அம்மா வாய் ஓயாமல் ஜெபிக்கிறவர். ஜெபத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒதுக்கி வைக்கக்கூடாது, வேலை செய்யும்போதும் ஆண்டவரோடு கதைக்கலாம் என்று சபையில் போதகர் ஒருநாள் சொன்னார். மற்றவர்கள் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அம்மா அப்படியே செய்யத் தொடங்கினார்.

அடுப்பு ஊதும்போது, "ஆண்டவரே, விறகு ஈரம். உமக்குத் தெரியும்தானே" என்பார். தண்ணீர் அள்ளும்போதும் உடுப்புத் தோய்க்கும்போதும் இதே கதைதான். என் தலையில் பேன் கூடினால் அதையும் ஆண்டவருக்குச் சொல்லிவிடுவார். எனக்கு வெட்கமாக இருக்கும்.

இது முணுமுணுப்பு ஜெபம். இதற்கு நாங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. இன்னொன்று இருந்தது. குரலை உயர்த்தி, "எங்கள் அன்பின் ஆண்டவரே" என்று அம்மா தொடங்கினால், பிள்ளைகள் நின்ற இடத்திலேயே முழங்காலில் இருக்கவேண்டும். கண்ணை மூடவேண்டும். ஆமென் வரும்வரை அசையக்கூடாது. சேறோ முள்ளோ, அது உங்கள் பாடு. கண் திறந்தால் தொடையில் கிள்ளு விழும்.

என் தங்கைக்கு அப்போது நான்கு வயதும் நிரம்பவில்லை. அவள் கிள்ளு வாங்கியதே இல்லை. அதில் மட்டும் கெட்டிக்காரி. மற்ற எதிலும் சொல்வழி கேட்கமாட்டாள். கூப்பிட்டால் விளையாட்டு என்று நினைத்து எதிர்ப்பக்கம் ஓடுவாள்.

அப்பா இதில் எதிலும் சேரமாட்டார். கோயிலுக்கும் போகமாட்டார், சபைக்கும் வரமாட்டார். "உன்ர ஆளோட கதைச்சு முடிஞ்சால் சோத்தைப் போடு" என்பார். அம்மா கோபிக்கமாட்டார். "ஆண்டவரே, இந்த மனிசனுக்குப் பசி" என்று சொல்லிக்கொண்டே போடுவார்.

சண்டை முடிந்து நாங்கள் எங்கள் ஊர் முரசுமோட்டைக்குத் திரும்பி வந்து கன நாளாகவில்லை. தறப்பாள் கூரை போட்ட வீடு. காணியின் பின்பக்கம் மஞ்சள் நாடா கட்டி, மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை நட்டிருந்தார்கள். நாடாவுக்கு இந்தப் பக்கம் மிதிவெடி எடுத்தாகிவிட்டது. அந்தப் பக்கம் இன்னும் இல்லை. வெடி எடுக்கிறவர்கள் ரோட்டு முடிகிற தொங்கலில் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

எங்கள் கோழி ஒன்று முட்டையை எங்கேயோ ஒளித்து இட்டுவந்தது. எங்கே இடுகிறது என்று காட்டித் தாரும் என்று அன்று காலை அம்மா ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். தங்கை பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். ஆண்டவர் காட்டும்வரை அவள் காத்திருக்கவில்லை. தானே கோழிக்குப் பின்னால் போய்விட்டாள்.

நாங்கள் கண்டபோது அவள் நாடாவுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், புல்லுக்குள் நின்றாள். கோழி இன்னும் முன்னுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான் கத்த வாயைத் திறந்தேன். அம்மா என் வாயைப் பொத்தினார். கூப்பிட்டால் அவள் ஓடுவாள். அங்கே ஓடினால் என்ன நடக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படம் காட்டிச் சொல்லித் தந்திருந்தார்கள்.

அம்மா கையில் இருந்த வாளியைச் சத்தம் வராமல் கீழே வைத்தார். பிறகு, எப்போதும் தொடங்குகிற அதே குரலில் தொடங்கினார்.

"எங்கள் அன்பின் ஆண்டவரே..."

தங்கை அப்படியே முழங்காலில் இருந்தாள். கையைக் கூப்பினாள். கண்ணை மூடினாள்.

பழக்கத்தில் நானும் முழங்காலில் இருந்துவிட்டேன். அம்மா என் தோளைப் பிடித்துத் தூக்கினார். ஜெபம் நிற்கவில்லை.

"ஆண்டவரே, பெரியவள் ஓடட்டும். வேலிக்கரையால போகாமல் ரோட்டால ஓடட்டும். வெடி எடுக்கிற ஆக்களைக் கூட்டிக்கொண்டு வரட்டும். இப்பவே ஓடட்டும், ஆண்டவரே."

ஓடினேன்.

அவர்கள் வந்தார்கள். பொறுப்பாக இருந்தவர் நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். நிலைமையைப் பார்த்தார். அம்மாவின் காதடியில் மெல்லச் சொன்னார். "அம்மா, நிப்பாட்டிப் போடாதேங்கோ." இன்னொருவர் முகத்தடுப்பைப் போட்டுக்கொண்டு, வெடி தேடுகிற கருவியை நிலத்துக்கு மேலே பிடித்து, சாண் சாணாக உள்ளே போகத் தொடங்கினார்.

அந்த வேலையை அவசரப்படுத்த முடியாது. அம்மா சொந்தக்காரர் எல்லாருக்காகவும் ஜெபித்தார். வாய்க்கால் தண்ணீருக்காக ஜெபித்தார். போதகரின் சைக்கிளுக்காகவும் ஜெபித்தார். எல்லைக் கட்டையை எங்கள் பக்கம் தள்ளி நட்ட பக்கத்து வீட்டுக்காரியைக்கூட ஆசீர்வதித்தார். அந்த மனிசி வேலியடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. மிளகாய்க் கன்றுகளுக்கு நன்றி சொன்னார், கன்று கன்றாக.

"அம்மா, ஆமென் சொல்லட்டே? கால் நோகுது" என்று புல்லுக்குள் இருந்து தங்கை கேட்டாள்.

"ஆண்டவரே, சின்னவள் இன்னும் கொஞ்சம் பொறுக்கட்டும். அவள் நல்ல பிள்ளை, ஆண்டவரே."

அதோடு அம்மாவின் குரல் அடைத்துவிட்டது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. தங்கை தலையை நிமிர்த்தினாள்.

யாரோ சொல்லி, அப்பா வயலில் இருந்து ஓடிவந்து பின்னால் நின்றார். முழங்கால்வரை சேறு. அவர்தான் தொடர்ந்தார்.

"ஆண்டவரே... நான்தான். வயலுக்குத் தண்ணி வந்திட்டுது. நெல்லுப் பரவாயில்லை. மாடு... மாடும் சுகம்."

தங்கை கண்ணை மூடியபடியே சிரித்தாள். "அப்பாவுக்கு ஜெபிக்கத் தெரியாது!"

"ஓம், மெய்தான் ஆண்டவரே, எனக்குத் தெரியாது" என்றார் அப்பா. "சின்னவள் பிறகு சொல்லித் தரட்டும். இப்ப அசையாமல் இருந்து கேக்கட்டும். உழவு மெசின்ர கதையைச் சொல்லுறன், கேளும் ஆண்டவரே."

மெசினில் எண்ணெய் ஒழுகுகிற கதையைத் தொடக்கத்தில் இருந்து சொன்னார். எங்கே ஒழுகுகிறது, யார் யாரிடம் காட்டினார், அவர்கள் என்ன சொன்னார்கள் எல்லாம். உள்ளே போனவர் தங்கையைத் தூக்கியபோதும் அந்தக் கதை முடியவில்லை.

அவர் போன தடத்தாலேயே திரும்பி வந்து, நாடாவைத் தாண்டி, அவளை அம்மாவின் கையில் கொடுத்தார். அப்போதும் அவள் கண்ணை இறுக்கி மூடி, கையைக் கூப்பியபடியே இருந்தாள். ஆமென் வரவில்லையே. அம்மாவால் அதைச் சொல்ல முடியவில்லை. அது தன்னுடைய வேலையா என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. கடைசியில் திருநீறு பூசினவர்தான் தொப்பியைக் கழற்றிவிட்டு, "ஆமென்" என்றார்.

தங்கை கண்ணைத் திறந்தாள். "கோழி எங்க?" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். உள்ளே போய் வந்தவர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். முகத்தடுப்பைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். "அண்ணை, அது வாசர் போயிருக்கும். மாத்துங்கோ, எண்ணெய் ஒழுகிறது நிக்கும்" என்றார். பக்கத்து வீட்டுக்காரி எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தது.

பொழுதுபட அம்மா சோறு போட்டார். வழமையில் சோறு ஆறும்வரை ஜெபம் நடக்கும். அன்று அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தங்கையை மடியில் வைத்துச் சோறு ஊட்டினார். சொல்லவேண்டியதை எல்லாம் காலையிலேயே சொல்லி முடித்துவிட்டார், இனி எங்களுக்கு லீவு என்று எனக்குச் சந்தோசம். சுடச்சுடச் சாப்பிட்டேன்.

அப்பா தட்டில் கை வைக்கவில்லை. குனிந்துகொண்டு இருந்தார். வாய் மட்டும் மெல்ல அசைந்தது. பல்லுக்குள் ஏதோ சிக்கிவிட்டது என்று நினைத்தேன். இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடாத மனிதருக்குப் பல்லில் என்ன சிக்கும் என்று யோசிக்க அப்போது எனக்குத் தெரியவில்லை.