டோப் என்றால் என்ன

மகள் கிணற்றடியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். தேங்காய் உரித்துக்கொண்டிருந்த என் காதில் அது விழுந்தது. "சிக்குடி அது. செம டோப்."

சிக் என்றால் நோய். டோப் என்றால் போதை மருந்து. என்னுடைய ஆங்கிலம் கொஞ்சம்தான், ஆனால் அந்த இரண்டும் தெரியும். கல்லூரிப் பிள்ளைகளிடம் பொட்டலம் பிடிபட்ட செய்தி இல்லாமல் இப்போது பேப்பரே வருவதில்லை. மகள் பெருமாட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் பாலக்காட்டுக்குப் போய்ப் படிக்கிறாள்.

மனைவியிடம் சொன்னேன். "நம்ம தோப்பத்தான் சொல்லியிருப்பா, போங்க," என்றாள். "சந்தேகமா இருந்தா அவகிட்டயே கேட்டுப்போடுங்க."

கேட்கவில்லை. கவனிக்க ஆரம்பித்தேன். கண் சிவந்திருந்தால் ஏன், சோறு மிச்சம் வைத்தால் ஏன், குளிக்க நேரமானால் ஏன். அவள் சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறாள் என்று யோசித்தேன். எனக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அவளைக் கூட்டிவர எங்கள் பழைய ஜீப்பில் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ்ஸிலிருந்து ஒரு தோழியும் கூடவே இறங்கினாள். ஜீப்பைப் பார்த்துவிட்டு மகளிடம், "டோப்டி," என்றாள்.

"எதும்மா டோப்பு?" என் குரல் எனக்கே முரடாகக் கேட்டது.

அந்தப் பெண் மிரண்டுவிட்டாள். "வண்டிதானுங்க அங்கிள். சூப்பரா இருக்குன்னு சொன்னனுங்க."

"அப்ப சிக்குன்னா?"

"அதுவும் அதேதானுங்க."

தோழி தன் வழியில் போய்விட்டாள். வண்டி கிளம்பிய பிறகு மகள் கேட்டாள். "அந்த வார்த்தைய எங்கீங்கப்பா கேட்டீங்க?"

"நீதான் கிணத்தடில பேசிட்டிருந்த."

"அவ வாங்குன செருப்பச் சொன்னனுங்க." கொஞ்ச தூரம் போனபின், "நானு போதை மருந்து எடுக்கறன்னு நெனச்சீங்களா?" என்றாள்.

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டினாள். "பாருங்க."

"வேண்டாஞ் சாமி, எடுத்து வெய்யி," என்றேன். சீப்பு, குடை, பாதி தின்ற பிஸ்கட், ஒரு மாத்திரை அட்டை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவலி மாத்திரைதானா என்று குனிந்து பெயரைப் படித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.